சான்றும் தலைமையும்: மருத்துவமனைகளை ஆள்வோர்க்குரிய கல்வியின் வரலாறு

தோற்றுவாய்

நோயாளிக்கு ஒரு மருந்தை எழுதித்தரும் மருத்துவரிடம், இம்மருந்து பயன்தரும் என்பதற்குச் சான்று யாது என்று வினவுவது இன்று இயல்பாகிவிட்டது. அம்மருத்துவர் பணிபுரியும் மருத்துவமனையை ஆள்பவரிடம் அவ்வினாவை நாம் எழுப்புவதில்லை. இரவுப் பணியில் ஒரு தாதி எத்தனை நோயாளிகளைக் கவனிப்பது, எந்தப் பிரிவை மூடுவது, எந்த இரண்டை இணைப்பது, ஒரு முதியோர் இல்லத்திற்கு எத்தனை பணியாளர் போதும் என்பன போன்ற முடிவுகளும் உயிர்களைக் காக்கின்றன. சிலவேளைகளில் பறிக்கவும் செய்கின்றன. ஆயினும் அவை நெடுங்காலமாக வழக்கத்தையும் வரவுசெலவையும் தம் அனுபவத்தையும் நம்பியே எடுக்கப்பட்டு வந்துள்ளன. மருத்துவ, சமூகப் பராமரிப்புத் துறைகளின் மேலாளர்களுக்குச் சான்றின் வழி தலைமையேற்கும் பயிற்சி வேண்டும் என்னும் கருத்து எங்ஙனம் தோன்றியது, ஏன் இத்துணைக் காலம் தாழ்ந்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

நாம் மருத்துவத் துறையைச் சார்ந்தோர் அல்லோம், மொழியியல் பயின்றோர். ஆகவே இவ்வரலாற்றினுள் சொற்களின் வாயிலாகவே நுழைகின்றோம். எடுத்துக்காட்டுகளைப் பெரிதும் இங்கிலாந்திலிருந்தே கொள்கின்றோம். மருத்துவமனை ஆட்சிமுறை பற்றி நம்மிடையே வழங்கும் சொற்கள் பலவும் அங்கிருந்து வந்தவை என்பது ஒரு காரணம். அங்கு நேர்ந்த தவறுகள் பொது விசாரணைக்கு உட்பட்டு, எவரும் படிக்கும் வண்ணம் அச்சேறியுள்ளன என்பது மற்றொரு காரணம்.

ஸ்கூட்டாரியின் கணக்கு

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றவுடன் கையில் விளக்கேந்திய மங்கையின் உருவமே நம் நினைவுக்கு வருகின்றது. அவ்வுருவம் அவரது வாழ்வின் ஒரு கூற்றை மட்டுமே காட்டுகின்றது. கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், அவர் இஸ்தான்புல் நகரின் மறுகரையிலிருந்த ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை வந்தடைந்தார். 1855 பிப்ரவரியில் அங்குச் சிகிச்சை பெற்ற படைவீரருள் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் மாண்டனர். அவ்வாண்டு மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதார ஆணையம் கழிவுநீர்க் கால்வாய்களைத் தூய்மை செய்தது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசியது. காற்றோட்டத்திற்கு வழி செய்தது. ஜூன் மாதத்தில் மாண்டோர் தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது.

போர் முடிந்து நாடு திரும்பிய நைட்டிங்கேல், புள்ளியியலறிஞர் வில்லியம் ஃபார் என்பாரின் துணையோடு அவ்வெண்களை ஆராய்ந்தார். போர்க்காயங்களால் மாண்டோரைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் மாண்டோரே மிகப் பலர் என்பது புலனாயிற்று. 1858 ஆம் ஆண்டு வெளிவந்த அவரது பேரறிக்கையின் தலைப்பிலேயே, படையின் உடல்நலம் என்பதோடு மருத்துவமனை நிருவாகம் என்னும் தொடரும் இடம்பெற்றுள்ளது. வட்டத்தைப் பன்னிரு கூறுகளாக்கி, மாதந்தோறும் நேர்ந்த இறப்புகளை வண்ணங்களால் காட்டிய அவரது புகழ்பெற்ற வரைபடம், எண்களைப் படிக்கும் பொறுமையற்ற அமைச்சர்களுக்காக வரையப்பட்டது. 1860 ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டில், எல்லா மருத்துவமனைகளும் ஒரே வகையான படிவத்தில் கணக்கு வைத்தல் வேண்டும் என்னும் அவரது திட்டம் முன்வைக்கப்பட்டது.

நம் பொருளுக்கு இவற்றினும் இன்றியமையாதது 1891 ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அப்போது நைட்டிங்கேலுக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பயன்பாட்டுப் புள்ளியியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியை நிறுவுதல் குறித்து அவர் ஃபிரான்சிஸ் கால்ட்டன் என்பாருடன் மடல்வழிக் கலந்துரையாடினார். நாட்டை ஆள்வோர் பல்கலைக்கழகம் சென்றவர்களே. ஆயினும் தம் அலுவலகங்களில் குவிந்துகிடக்கும் எண்களைப் பயன்கொள்ளும் முறையை அவர்கள் எங்கும் கற்கவில்லை என்பது அவரது கவலை. அம்முயற்சி கைகூடவில்லை. சான்றைத் திரட்டுவது ஒரு கலை, அதனைப் படிக்க ஆள்வோரைப் பழக்குவது வேறொரு கலை என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

எரியூட்டப்பட்ட பட்டியல்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் கோட்மன் என்னும் அறுவை மருத்துவர் எளியதொரு கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சைக்குப் பின் நெடுநாள் தொடர்ந்து கவனித்து, அவர் குணமடைந்தாரா, இல்லையெனில் ஏன் இல்லை என்பதைக் குறித்துவைத்து ஊரறிய வெளியிடல் வேண்டும் என்பதே அது. தாம் பணியாற்றிய பெரிய மருத்துவமனை அதற்கு இசையாதபோது அங்கிருந்து விலகினார். தம்முடைய சிறிய மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை 337 நோயாளிகளின் விளைவுகளைப் பதிந்து, தாமும் தம்மவரும் செய்த 123 பிழைகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். அம்மருத்துவமனை நிலைக்கவில்லை.

அவரது கருத்தின் தூண்டுதலால் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, நூறும் அதற்கு மேலும் படுக்கைகள் கொண்ட 692 மருத்துவமனைகளை ஆய்ந்தது. வகுக்கப்பட்ட குறைந்த அளவுத் தகுதிகளை நிறைவு செய்தவை 89 மட்டுமே. 1919 ஆம் ஆண்டு நியூயார்க்கில் அத்தொகை அறிவிக்கப்பட்டது. ஆனால் எவை தேறின, எவை தவறின என்னும் பெயர்ப்பட்டியல் செய்தியாளர் கைக்குக் கிட்டாதிருக்க, கூட்டம் நிகழ்ந்த விடுதியின் உலையில் இடப்பட்டு எரிக்கப்பட்டது. புகழ்பெற்ற மருத்துவமனைகள் சிலவும் தவறியவற்றுள் இருந்தமையே காரணம். சான்று இல்லாமையால் தலைமை தவறுவது ஒருவகை. சான்று கையிலிருந்தும் அதற்கு அஞ்சித் தவறுவது மற்றொரு வகை. பின்னைய வகையை இவ்வரலாற்றில் மீண்டும் காண்போம்.

மருத்துவமனையை ஆள்வது தனிக்கல்வி வேண்டும் தொழில் என்னும் எண்ணமும் இக்காலத்திலேயே அரும்பியது. மைக்கேல் டேவிஸ் என்பார் அதனை ஒரு வாழ்க்கைத் தொழிலாக முன்வைத்து 1929 ஆம் ஆண்டு நூலெழுதினார். அவர் முயற்சியால் 1934 ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் பட்ட மேற்படிப்பு தொடங்கியது. இங்கிலாந்தில் கிங்ஸ் ஃபண்ட் நிறுவனம் 1951 ஆம் ஆண்டு மருத்துவமனை நிருவாகிகளுக்கான கல்லூரியைத் தொடங்கியது.

பிரிந்துபோன இரு துறைகள்

சமூகப் பராமரிப்பின் வேர் மருத்துவமனைக்குள்ளேயே இருந்தது. 1895 ஆம் ஆண்டு இலண்டன் ராயல் ஃபிரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்பார் முதல் 'ஆல்மனர்' ஆக அமர்த்தப்பட்டார். அறம் வழங்குநர் என்னும் பொருளுடைய பழஞ்சொல் அது. இலவச சிகிச்சைக்கு உரியவர் யார் என்று விசாரிப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. ஆனால் விசாரிக்கத் தொடங்கியவர்க்கு, நோயாளியின் வீடும் வறுமையும் உணவும் நோயோடு பின்னிக்கிடப்பது தெரியலாயிற்று. 1948 ஜூலை 5 ஆம் நாள் தேசிய சுகாதாரச் சேவை பிறந்தபோது மருத்துவம் நாடு முழுமைக்கும் பொதுவான ஏற்பாடாயிற்று. முதியோர், உடற்குறையுடையோர் பராமரிப்போ உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் நின்றது. ஒரே முதியவரின் நோய் ஓர் அலுவலகத்திற்கும், அவரைக் குளிப்பாட்டும் பணி மற்றோர் அலுவலகத்திற்கும் உரியதாயிற்று. இரண்டிற்கும் தனித்தனி மேலாளர், தனித்தனிக் கணக்கு, தனித்தனிப் பயிற்சி. இப்பிளவின் சுமையை இன்றுவரை முதியோரே தாங்குகின்றனர்.

காக்ரனின் இரு தாள்கள்

மருத்துவர்கள் சான்றின் வழி திரும்பிய கதையில் ஆர்ச்சி காக்ரன் என்பாருக்குச் சிறப்பிடம் உண்டு. 1972 ஆம் ஆண்டு வெளிவந்த அவரது சிறுநூல், ஒரு சிகிச்சை பயன் தருகின்றதா என்பதைக் குலுக்கல் முறையில் பகுத்த குழுக்களைக் கொண்டு சோதித்தறிய வேண்டும் என்று வற்புறுத்தியது. அவர் பெயர் தாங்கிய ஆய்வுக் கூட்டமைப்பு 1993 ஆம் ஆண்டு உருவாயிற்று.

தம் வரலாற்றில் அவர் கூறும் ஒரு நிகழ்ச்சி தலைமைக்குரிய பாடமாகும். மாரடைப்பு நோயாளிகளை வீட்டில் வைத்துக் கவனிப்பதா, மருத்துவமனையின் சிறப்புப் பிரிவில் சேர்ப்பதா என்னும் ஆய்வின் இடைக்கால முடிவுகள் குழுவின் முன் வைக்கப்பட வேண்டியிருந்தன. வீட்டிலிருந்தோர் நிலை சற்றே மேம்பட்டிருந்தது. ஆனால் அவ்வேறுபாடு முடிவுகட்டப் போதியதன்று. காக்ரன் இரு தாள்களைத் தயாரித்தார். ஒன்றில் எண்களை வேண்டுமென்றே இடம்மாற்றி, மருத்துவமனையே மேம்பட்டது போல் எழுதினார். அதனைக் கண்ட இதய மருத்துவர்கள் வெகுண்டு, வீட்டுச் சிகிச்சை அறமற்றது, ஆய்வை உடனே நிறுத்துக என்றனர். பின்னர் அவர் உண்மைத் தாளை எடுத்துக்காட்டி, அவ்வாறாயின் சிறப்புப் பிரிவுகளையன்றோ உடனே மூடல் வேண்டும் என்றார். அவையில் பேச்சற்றுப்போயிற்று. நாம் விரும்பும் முடிவுக்குச் சிறு சான்றும் போதும், விரும்பாத முடிவுக்கு எத்துணைச் சான்றும் போதாது என்னும் மனித இயல்பை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

மாறிய பெயர்கள்

மருத்துவமனையை ஆள்பவரின் பெயர் ஒரு நூற்றாண்டில் பலமுறை மாறியுள்ளது. தொடக்கத்தில் அவர் செயலாளர். அவ்வாங்கிலச் சொல்லின் மூலப்பொருள் மறைபொருளைக் காப்பவர் என்பது. 1974 ஆம் ஆண்டுச் சீரமைப்பின்போது அவர் நிருவாகி. அதன் இலத்தீன் அடி ஏவல்செய்வோரைக் குறிப்பது. மருத்துவர், தாதியர் தலைவர், பொருளாளர், நிருவாகி எனப் பலர் ஒருங்கிசைந்தே முடிவு காணல் வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. எவர் ஒருவரும் பொறுப்பாளர் அல்லர்.

1983 ஆம் ஆண்டு, பெரும் அங்காடி நிறுவனம் ஒன்றை நடத்திய ராய் கிரிஃபித்ஸ் என்பாரின் குழு அரசுக்கு ஒரு சுருக்கமான அறிக்கையளித்தது. இன்று நைட்டிங்கேல் விளக்கேந்தி வந்தால், பொறுப்பில் இருப்பவர் யார் என்றுதான் தேடிக்கொண்டிருப்பார் என்னும் கருத்துப்பட அது எழுதியது. அதன் பயனாகப் பொது மேலாளர் பதவி தோன்றியது. ஆங்கிலத்தில் மேலாளரைக் குறிக்கும் சொல், குதிரையைக் கையால் பழக்குவதைக் குறித்த இத்தாலியச் சொல்லோடு உறவுடையது. 1990-களில் அவர் தலைமைச் செயல் அதிகாரியானார். இந்நூற்றாண்டில் 'தலைவர்' என்னும் சொல் மேலோங்கியது. 2012 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தேசிய சுகாதாரச் சேவைக்கெனத் தலைமைத்துவப் பயிற்சிக் கழகம் நிறுவப்பட்டது.

மறைகாப்பவர், ஏவலர், குதிரை பழக்குநர், முன்செல்பவர் என்னும் இப்பெயர்கள் யாவும் அவர் பிறரோடு கொண்ட உறவைக் கூறுகின்றன. அவர் எதனை அறிந்திருத்தல் வேண்டும் என்பதை இவற்றுள் ஒன்றேனும் கூறவில்லை. பெயரில் இல்லாதது பயிற்சியிலும் நெடுங்காலம் இல்லாதிருந்தது.

பிரிஸ்டலும் ஸ்டாஃபோர்டும்

அக்குறையின் விலை யாது என்பதை இரு விசாரணைகள் காட்டின. பிரிஸ்டல் நகர மருத்துவமனை ஒன்றில் குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட இதய அறுவைகளில் இறப்பு மிகுந்திருப்பதை, அங்குப் பணியாற்றிய மயக்க மருந்து வல்லுநர் ஸ்டீஃபன் போல்சின் 1990 முதலே சுட்டிக்காட்டி வந்தார், எண்களையும் திரட்டினார். 1995 ஜனவரியில், பலர் தயங்கியும் நிகழ்ந்த ஓர் அறுவையில் ஒரு குழந்தை உயிரிழந்தது. அதன் பின்னரே உண்மை வெளிப்பட்டது. 2001 ஜூலையில் வெளிவந்த இயன் கென்னடியின் விசாரணை அறிக்கை, 1991 முதல் 1995 வரை, ஒத்த பிற மருத்துவமனைகளில் எதிர்பார்க்கத்தக்கதைவிட, ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைகள் 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்தனர் என மதிப்பிட்டது. அறிக்கையின் கடுமையான கண்டறிதல் இதுவே: அம்மருத்துவமனையில் தரவுகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றைப் படித்துப் பொருளுணர்வது எவருடைய கடமையாகவும் இல்லை.

அம்மருத்துவமனையின் தலைமைச் செயல் அதிகாரி தாமும் ஒரு மருத்துவரே. சிகிச்சை பற்றியவை மருத்துவர் கையில், ஆட்சி பற்றியவை தம் கையில் என்னும் பிரிவினை அவருக்குக் காப்பாகவில்லை. 1998 ஆம் ஆண்டு அவர் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அவர் செய்த மேல்முறையீட்டையும் பிரிவி கவுன்சில் தள்ளியது.

இரண்டாவது மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர். அங்கு 2005 முதல் 2009 வரை நிகழ்ந்த புறக்கணிப்பை இராபர்ட் ஃபிரான்சிஸ் விசாரித்தார். 2013 பிப்ரவரியில் வெளிவந்த பொது விசாரணை அறிக்கையில் 290 பரிந்துரைகள் இடம்பெற்றன. பணத்தை மிச்சப்படுத்தப் பணியிடங்கள் குறைக்கப்பட்டன. தாதியர் பற்றாமையால் முதியோர் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ஏங்கிக் கிடந்தனர். இறப்பு விகிதம் உயர்ந்திருப்பதைத் தேசிய எண்கள் காட்டியபோது, நிருவாகத்தின் கவனம் குறியீடுகளைப் பதிந்ததில் பிழை உண்டா என்று ஆராய்வதில் சென்றது. படுக்கையருகே சென்று பார்ப்பதில் செல்லவில்லை. உறவினர் தந்த முறையீட்டுக் கடிதங்களும் சான்றுகளே. அவை சான்றென மதிக்கப்படவில்லை.

பயிற்சியின் உள்ளடக்கம்

மருத்துவர்களிடையே சான்றுசார் மருத்துவம் என்னும் தொடர் 1990-களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக வட்டாரத்தினின்று பரவியது. அவ்வினாவை மேலாளர் பக்கம் திருப்பியோருள் கீரன் வால்ஷ், தாமஸ் ரண்டால் ஆகிய இருவரும் குறிக்கத்தக்கவர்கள். 2001 ஆம் ஆண்டு அவர்கள் எழுதிய கட்டுரை இரு குலத்தாரின் வேறுபாட்டை விளக்கியது. மருத்துவர்க்குப் பொதுவான கல்வியும் ஆய்விதழ்களும் உண்டு. மேலாளர்களோ பல்வேறு பின்னணியினின்று வருவோர்; தம் அனுபவத்தையே பெரிதும் நம்புவோர்; அவர்க்குரிய ஆய்வுகளும் சிதறிக்கிடப்பவை.

இன்று இத்தகைய பயிற்சி வகுப்புகளில் நால்வகைச் சான்று கற்பிக்கப்படுகின்றது: ஆய்வு முடிவுகள், தம் நிறுவனத்தின் தரவுகள், தொழில் வல்லோரின் பட்டறிவு, பாதிக்கப்படுவோரின் விருப்பும் மதிப்பீடும். சமூகப் பராமரிப்புத் துறையில், 2001 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சமூகப் பராமரிப்புச் சிறப்பு நிறுவனத்திற்காக 2003 ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஆய்வு, பராமரிப்புப் பெறுவோரின் அறிவையும் இல்லத்துப் பராமரிப்பாளரின் அறிவையும் தனியொரு மூலமாகவே வகுத்தது. மேலாளர் வினாவைத் தெளிவாக அமைக்கவும், ஆய்வைத் தேடவும், அதன் தரத்தை எடைபோடவும், செயற்படுத்தியபின் விளைவை அளக்கவும் பழக்கப்படுகின்றார்.

ஓர் எடுத்துக்காட்டு. லிண்டா ஐக்கன் குழுவினர் 2014 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்ட 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோரை உள்ளடக்கியது. தாதி ஒருவரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேருந்தோறும், 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வதோடு தொடர்புற்றிருந்தது. இதனைப் படித்த மேலாளர் பணிநேரப் பட்டியலில் கையொப்பமிடும்போது, தாம் இடுவது வரவுசெலவுக் கையொப்பம் மட்டுமன்று என்பதை உணர்வார்.

ஆயினும் சான்று மந்திரமன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எளிய ஐந்து நடைமுறைகளால் இரத்த நாளக் குழாய்வழித் தொற்று பெரிதும் குறைந்ததாக 2006 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டியது. இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது. அங்கும் தொற்று குறைந்தது. ஆனால் திட்டத்தில் இன்னும் சேராத பிரிவுகளிலும் அது குறைந்துகொண்டிருந்தமையால், குறைவு திட்டத்தின் பயனெனத் துணிய இயலவில்லை. வெற்றியைத் தம்முடையதெனக் கூறுமுன் ஐயுறுவதும் இப்பயிற்சியின் ஒரு பாடமே.

2022 ஜூனில் வெளிவந்த கோர்டன் மெசஞ்சரின் மீளாய்வு, மருத்துவத்தையும் சமூகப் பராமரிப்பையும் ஒருங்கே நோக்கியது. தலைமையையும் மேலாண்மையையும் பயிற்றுவிப்பதில் நிறுவன அளவிலேயே போதாமை உள்ளது என்று கண்டது. இரு துறைகளிலும் புதிதாகச் சேர்வோர்க்குப் பொதுவான தொடக்கப் பயிற்சியும், மேலாளர்க்கு ஒரே சீரான தகுதி நெறிகளும் வேண்டும் என்றது. நைட்டிங்கேலின் மடலுக்கும் இவ்வறிக்கைக்கும் இடையே 131 ஆண்டுகள்.

நிறைவுரை

ஆங்கிலத்தில் சான்றைக் குறிக்கும் சொல் காண்டலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியினின்று பிறந்தது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது என்பது அதன் பொருள். தமிழில் 'சான்று' என்பதைச் 'சால்' என்னும் அடியோடு இணைத்துக் காண்பது மரபு. சாலுதல் என்பது நிறைதல், அமைதல், பொருந்துதல். சான்றோர் என்னும் சொல்லும் அவ்வடியினதே. இவ்விரு பொருள்களுக்கும் இடையிலேயே நாம் கண்ட வரலாறு முழுதும் நிகழ்ந்துள்ளது. பிரிஸ்டலில் சான்று கண்முன் இருந்தது, காண்பார் இல்லை. ஸ்டாஃபோர்டில் சிலர் கண்டனர். இன்னும் நிறையட்டும் என்று காத்திருந்தனர். எவ்வளவு நிறைந்தால் செயற்படப் போதும் என்பதை எந்த வாய்பாடும் கூறாது. அதனைத் தீர்மானிக்கும் துணிவும் நேர்மையும் சான்றாண்மையின்பாற்பட்டவை. பயிற்சி ஒருவரைச் சான்றோர் ஆக்கிவிடாது. ஆனால் தெரியவில்லை என்று தப்பிக்கும் வழியை அடைத்துவிடும்.

இவ்வரங்கில் அமர்ந்திருப்போருள் பலர் எம்மைப்போல் அறுபதைக் கடந்தோர். நம் பெற்றோரை மருத்துவமனைக் கூடங்களிலும் பராமரிப்பு இல்லங்களிலும் கண்டிருக்கின்றோம். நாமும் ஒருநாள் அங்கிருப்போம். நம் படுக்கையருகே நிற்கும் மருத்துவரையும் தாதியையும் நாம் அறிவோம். அவர்கள் எத்தனை பேர், எப்போது வருவர் என்று முடிவுசெய்தவரை அறியோம். அவரிடமும் "சான்று யாது?" என்று பணிவோடு கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்வினாவுக்கு விடைகூற அவரைப் பழக்கும் கடமை, அவரை அப்பதவியில் அமர்த்தும் சமுதாயத்திற்கு உண்டு.